இரவல் வார்த்தைகள்

(லெந்து கால மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஜெப வாழ்க்கை’. ஆயர் ஐயா தொலைபேசியில் சொன்னபோதே, அதை ‘ஜெபம் வராத வாழ்க்கை’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சரி என்றார். ஜெபம் நன்றாக வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். இன்று உங்களுக்கு என்னால் பிரயோஜனமில்லை, பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். முழங்கால் போட்டதும் மனசு வேறெங்கோ போய்விடுகிறது, வாயைத் திறந்தால் நேற்றுச் சொன்னதே வருகிறது, யாரும் கேட்கிறார்களா என்றே தெரியவில்லை என்று இருக்கிறவர்களுக்காகத்தான் பேசப்போகிறேன். அப்படிப்பட்டவர்கள் சபைக்குச் சபை இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

லூக்கா 11ஆம் அதிகாரத்தில் ஒரு சீஷன் வந்து, எங்களுக்கும் ஜெபிக்கக் கற்றுத்தர வேண்டும், யோவான் தன்னோடு இருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தானே என்று கேட்கிறான். கேட்டவன் யூதன். தவழும் வயதிலிருந்து சங்கீதங்களைக் காதால் கேட்டு வளர்ந்தவன். ஜெபாலயத்துக்கும் பண்டிகைக்கும் போய் வந்தவன். ஜெபம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அப்படிப்பட்டவனே கற்றுத்தரும்படி கேட்கிறான். ஆண்டவரும், இதெல்லாம் தானாக வரவேண்டியது, போய் மனசைத் திற என்று சொல்லவில்லை. சொல்வதற்குச் சொற்களைக் கொடுத்தார். மத்தேயுவில் இருப்பதைவிட லூக்காவில் அது இன்னும் சுருக்கம். நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிஷம் ஆகாது. திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான ‘திதாகே’, அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது. வேறொன்றும் விளக்கவில்லை.

ஆக, ஆரம்பத்திலிருந்தே ஜெபம் இன்னொருவரிடமிருந்து வாங்கிக்கொள்கிற காரியமாகத்தான் இருந்திருக்கிறது. நம்மிடம் இது எப்போது மாறியது என்று தெரியவில்லை, மாறிவிட்டது. எழுதி வைத்த ஜெபம் செத்த ஜெபம், புஸ்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறவனுக்கு ஆவி இல்லை, உள்ளத்திலிருந்து பொங்கி வந்தால்தான் அது ஜெபம் என்றொரு எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றி இருக்கிறது. பொங்குகிற காலத்தில் அது நல்ல எண்ணம்தான். பொங்காத காலத்தில் ஆளையே கொன்றுவிடும்.

வீட்டு ஜெபக் கூட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாட்டு முடிந்ததும், “அக்கா, நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க” என்பார்கள். அந்த அக்கா தங்கு தடையில்லாமல் ஜெபிப்பார். ஊர்ச் செய்தியும் வரும், நாட்டு நிலவரமும் வரும், நடுவில் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்களுக்கு ஒரு சின்னக் குட்டும் ஆண்டவர் வழியாகப் போய்ச் சேரும். முடிந்தபின், “என்னமா ஜெபிக்கிறாங்க!” என்று பாராட்டு. அடுத்தது ஓரத்தில் இருக்கிற தம்பியின் முறை. அவன் நாலு வார்த்தை சொல்லி, ‘ஸ்தோத்திரம்’ என்பதைப் பத்துத் தரம் சொல்லி, ஆமென் போட்டுவிடுகிறான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் அவனுக்கு ஒன்று உறைத்துவிடுகிறது. அடுத்த வாரம் அவனுக்கு வேலை இருக்கிறது; அதற்கடுத்த வாரமும் இருக்கிறது. நாம் பேச்சுப் போட்டிக்கு மார்க் போடுவதுபோல ஜெபத்துக்கும் போடுகிறோம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்குகிறோம்.

வேதாகமத்தில் இதற்கு மறுபுறம் ஒன்று இருக்கிறது. சீலோவிலே அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். முழுநேர ஊழியக்காரன், ஆலயத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறவன். அவனுக்கே அது ஜெபமாகத் தெரியவில்லை. சாமுவேல் பிறந்தது அந்த ஜெபத்துக்குத்தான்.

இனி சங்கீதங்களுக்கு வருகிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் திருப்பாடல்கள் என்பார்கள். 150 பாடல்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பலும் முறையீடும்தான். எத்தனை காலம் ஆண்டவரே, ஏன் தூரத்தில் நிற்கிறீர், ஏன் தூங்குகிறீர், என் எலும்பெல்லாம் காய்ந்துவிட்டது, சாப்பாட்டோடு கண்ணீரைக் குடிக்கிறேன் என்கிற பாடல்கள். தேவாலயத்தில் ஆராதனைக்குப் பாடின புஸ்தகம் இது. ஆராதனையில் பாட இத்தனை குறை சொல்லும் பாட்டுகளைச் சேர்த்து வைத்த ஜனங்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நம்முடைய வீட்டுச் சுவர்களில் 23 தொங்குகிறது, 91 தொங்குகிறது, 121 தொங்குகிறது. 88ஆம் சங்கீதத்தை அச்சடித்த நாள்காட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்த 88ஐ இன்றிரவு வீட்டுக்குப் போய் வாசியுங்கள். ஏமான் என்பவன் பேரில் இருக்கிறது. இராப்பகலாகக் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறான். குழியில் கிடக்கிறேன், என்னைக் குழியில் போட்டதே நீர்தான் என்கிறான். சிநேகிதர்களைத் தூரப்படுத்தினதும் நீர்தான். செத்தவர்கள் எழுந்து வந்து உம்மைத் துதிப்பார்களா என்று கேட்கிறான். அது கேள்வியா, குத்தலா என்று சொல்ல முடியாது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்கேயாவது ஒரு திருப்பம் இருக்கும்: ஆனாலும் நம்புகிறேன், ஆனாலும் பாடுவேன் என்று. இதில் அது கிடையாது. இருட்டிலேயே முடிகிறது. இதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு நல்ல வசனம் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. நம் சபைகளிலோ, சாட்சியின் முடிவு நன்றாக இருந்தால்தான் மைக் கையில் கிடைக்கும். வியாதி குணமாக வேண்டும், வேலை கிடைத்திருக்க வேண்டும், பிள்ளை பாஸாகியிருக்க வேண்டும். நடுவழியில் நிற்கிறவனுக்குச் சாட்சி நேரத்தில் இடமில்லை. வேதாகமம் அவனுக்கு ஒரு முழுச் சங்கீதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது.

கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள், பக்தியுள்ளவர்கள்தான். யோபுவின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். யோபு கத்துகிறான், வழக்காடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான். நண்பர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கடவுளின் நீதியை எடுத்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றில் பாதி நம்முடைய பிரசங்கங்களில் இன்றைக்கும் வரும். முடிவில் ஆண்டவர், என் தாசனாகிய யோபு பேசினதுதான் சரி, நீங்கள் பேசினது சரியில்லை என்று அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். அவர்கள் கடவுளைப் பற்றிப் பேசினார்கள், யோபு கடவுளிடம் பேசினான் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். சிலுவையிலே ஆண்டவர் கடைசியாகச் சொன்னவற்றுள் ஒன்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. தேவகுமாரனுக்கே அந்த நேரத்தில் ஒரு பழைய பாட்டின் வார்த்தை வேண்டியிருந்தது என்றால், நாம் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள் பலவற்றுக்கு ஆங்கிலிக்கன் ஜெபபுத்தக வழக்கம் முன்னோர் சொத்து. 1549இல் தாமஸ் க்ரான்மர் தொகுத்த அந்தப் புத்தகம், சங்கீதங்கள் முழுவதையும் 30 நாளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. காலையில் சில, மாலையில் சில. இரண்டாம் தேதி சாயங்காலம் 13ஆம் சங்கீதம் வரும். 17ஆம் தேதி காலையில் 88 வரும். அன்றைக்கு உங்களுக்குப் பேரன் பிறந்திருந்தாலும் 88தான். இதைக் கேட்டால் இயந்திரம்போல இருக்கிறதே என்று தோன்றும். ஒரு வருஷம் செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள். சந்தோஷமாக இருக்கிற நாளில் புலம்பல் சங்கீதம் வந்தால், அதைப் பக்கத்துத் தெருவில் புலம்புகிற ஒருவருக்காகச் சொல்கிறீர்கள். நீங்கள் புலம்புகிற நாளில் துதிப் பாட்டு வந்தால், உங்களுக்காக வேறெங்கோ யாரோ அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மனநிலையே உங்கள் ஜெபத்தின் எல்லையாகிவிடாமல் அந்த அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் போதகராக இருந்த டீட்ரிக் போன்ஹோஃபர் இதைத்தான் சொன்னார். 1940இல் சங்கீதங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு நூல் வெளியிட்டார். மனித இருதயம் தானாகவே ஜெபித்துவிடும் என்று நினைப்பது ஆபத்தான தவறு, ஆசைப்படுவதையும் அழுவதையும் ஜெபிப்பதோடு குழப்பிக்கொள்கிறோம் என்பது அவருடைய வாதம். நாஜி அரசு அவரை எழுதக்கூடாதென்று தடுத்தது. 1943 ஏப்ரல் 5ஆம் தேதி கைதாகி பெர்லினில் டேகல் சிறைக்குப் போனார். அங்கிருந்து பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், வழக்கம்போலத் தினமும் சங்கீதம் வாசிக்கிறேன் என்கிறார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு, கூட இருந்த கைதிகள் சொல்வதற்கென்று ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். கவனியுங்கள், சிறையில் கிடக்கிற மனுஷனுக்கு ஜெபம் தானாகப் பொங்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசென்பூர்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இரவல் வார்த்தை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். மார்ட்டின் லூதரின் முடிதிருத்துபவர். பேதுரு என்று நாம் சொல்லலாம். விட்டன்பெர்க் ஊரில் கடை. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியவில்லை, எப்படிப் பண்ணுவது என்று லூதரிடம் கேட்டிருக்கிறார். வேதாகமத்தையே மொழிபெயர்த்த மனுஷனிடம் சவரம் செய்கிறவர் கேட்கிறார். லூதர் அவருக்காக ஒரு சிறு புத்தகமே எழுதினார். 1535இல் அச்சானது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் சபை லூதரன் சபைதான். ஆக நம் ஊர்க் கிறிஸ்தவத்துக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு.

அந்தப் புத்தகம் எடுத்த எடுப்பிலேயே, மற்ற வேலைகளால் என் மனசு ஜெபத்தில் ஆறிப்போய், சலித்துப்போயிருக்கிறதென்று உணரும்போது நான் என்ன செய்கிறேன் என்று ஆரம்பிக்கிறது. லூதருக்கும் ஆறிப்போகிறது. உடனே சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறார், அல்லது ஆட்கள் கூடியிருக்கிற நேரமானால் ஆலயத்துக்குப் போகிறார். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குகிறார், சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோல. இதோ இந்த வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கிறேன் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே, அந்த ஒரு மணி நேரம் வரவே வராது என்கிறார். பிறகு பரமண்டல ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்து அதன்மேல் நின்று சில வார்த்தை பேசிவிட்டு அடுத்ததற்குப் போகும் வழியைக் காட்டுகிறார். ஒவ்வொரு கட்டளையையும் நாலு இழையாகப் பிரிக்கிறார்: இதில் எனக்கு என்ன பாடம், எதற்கு நன்றி, எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த இடம் வேறு. இப்படிச் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் ஏதாவது நல்ல எண்ணம் உள்ளே எழும்பினால், மீதியை விட்டுவிடு, பேசாமல் இருந்து அதைக் கேள், அங்கே பிரசங்கம் பண்ணுகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்கிறார். முறையைச் சொல்லிக் கொடுத்தவரே முறையை விடவும் சொல்கிறார்.

அந்த முடிதிருத்துபவர் கதை இதோடு முடியவில்லை. அதே வருஷம் ஒரு விருந்தில் அவர் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூதர் அவருக்காக மன்றாடினார். மரண தண்டனை கிடைக்கவில்லை, ஊரைவிட்டுத் துரத்தினார்கள். ஜெபிக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று யாருக்காக எழுதப்பட்டதோ, அவர் கதை இது. பிரசங்க உதாரணங்களில் இதைச் சொல்லமாட்டார்கள். ஜெபத்தைக் கற்றுக்கொண்டால் கோபம் போய்விடும், குடும்பம் சீராகிவிடும் என்று விற்கிறவர்களுக்கு இது சௌகரியமான கதை இல்லை. ஆனால் புத்தகம் நின்றுவிட்டது. ஏறக்குறைய 500 வருஷமாகப் பலர் அதை வாசித்து ஜெபித்திருக்கிறார்கள்.

இனி ஸ்பெயினுக்குப் போகலாம். ஆவிலா ஊரின் தெரேசா, 1515இல் பிறந்தவர், கார்மேல் சபைக் கன்னியாஸ்திரீ. ஜெபத்தைப் பற்றி எழுதினவர்களில் இவரைவிடப் பெரிய பேர் சொல்வது கஷ்டம். 1970இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் என்ற பட்டம் கொடுத்தது. அவர் தன் வரலாற்றில் எழுதியிருப்பதைக் கேளுங்கள்: 18 வருஷம், நற்கருணை வாங்கின நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் ஜெபிக்க உட்காரவே துணிந்ததில்லை. பல நாள் அதைத் திறக்கக்கூட வேண்டியிருக்காது. பக்கத்தில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் எண்ணங்கள் சிதறி ஓடும். இன்னொரு இடத்தில், ஜெபிப்பதென்று வைத்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்கிறார். பிரசங்கம் நடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதலடையலாம். கொஞ்ச காலம் ஜெபத்தையே விட்டுவிட்டார். நான் இருக்கிற இருப்புக்கு ஜெபம் ஒரு கேடா என்று தாழ்மைபோலத் தோன்றின ஒரு எண்ணம். பின்னாளில் அதைத் தன் வாழ்க்கையிலேயே பெரிய சோதனை என்று சொல்கிறார்.

அவர் சொன்ன தோட்டத்து உவமை நம் கரிசல்காட்டுக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாதது. ஆத்துமா ஒரு தோட்டம், அதற்குத் தண்ணீர் பாய்ச்ச நாலு வழி. கிணற்றில் வாளியால் இறைத்து ஊற்றலாம், தோள் கழன்றுவிடும். சக்கரம் கட்டி இறைக்கலாம். வேலை குறையும், தண்ணீர் கூடும். ஆறோ ஓடையோ பக்கத்தில் ஓடினால் மடையைத் திறந்துவிடலாம். மழை பெய்தால் தோட்டக்காரனுக்கு ஒரு வேலையும் இல்லை. புதிதாக ஜெபிக்கிறவர்கள் வாளிக்காரர்கள். கிணறு வற்றிப்போய் வாளி வெறுமையாக மேலே வருகிற நாட்களும் உண்டு என்பதையும் தெரேசா விடாமல் சொல்கிறார். அந்த நாளில் என்ன செய்வது? வாளியை இறக்குகிறதுதான் உன் வேலை, தோட்டம் அவருடையது, தண்ணீரில்லாமலும் பூக்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரியும் என்கிறார். நம்மிடம் நிறையப் பேர், மழைக்காலத்து ஜெபத்தை ஒரு கன்வென்ஷனில் அனுபவித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாளியைப் பார்த்ததும், எனக்கு அபிஷேகம் போய்விட்டது என்கிறார்கள். ஒன்றும் போகவில்லை. அது மழை, இது கிணறு.

மதர் தெரசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் 1997இல் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது, கல்கத்தாவில் வேலை தொடங்கின காலத்திலிருந்து கடைசி வரை அவருக்கு உள்ளே இருட்டாகவே இருந்ததென்று. 1958இல் சில வாரங்கள் விலகினதைத் தவிர. சில பத்திரிகைகள், பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எழுதின. அவர்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று: அத்தனை வருஷமும் ஜெபவேளைக்கு அவர் தவறாமல் போய் உட்கார்ந்திருக்கிறார். யோசேப் நாய்னர் என்ற இயேசு சபைக் குருவானவர், இந்த இருட்டை நீக்க வழி தேடாதீர்கள், ஏழைகளின் கைவிடப்பட்ட நிலையில் உங்களுக்கும் ஒரு பங்கு இது என்று சொன்ன பிறகும் அவருக்கு இருட்டு போகவில்லை. ஆனால் அதோடு இருக்க முடிந்தது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். எல்லா வறட்சியும் பரிசுத்தவான்களின் வறட்சி அல்ல. தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது, ஜெபமும் வரவில்லை என்றால், தயவுசெய்து அதற்கு விசுவாசக் குறைவு என்று பேர் வைக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டாரே, 1 இராஜாக்கள் 19இல். தேவதூதன் வந்து அவருக்கு ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்டவரை உபவாச ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற வீடுகள் உண்டு. முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களில் அழுதுகொண்டே இருக்கிற மருமகளுக்கும் இதுதான்.

உடம்பு நோயும் அப்படியே. டோனாவூரில் 1901இல் வந்து தங்கின எமி கார்மைக்கேல் அம்மாள், 1931இல் ஒரு குழியில் விழுந்து காலும் முதுகும் அடிபட்டு, 1951இல் இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் கட்டிலிலேயே இருந்தார். அங்கிருந்து அவர் எழுதின புத்தகங்களில் ஒன்று, நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்ற எண்ணத்தோடு எழுதியது. ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் புத்தகங்கள் வலியில் கிடக்கிறவர்களுக்கு ஒட்டுவதில்லை என்று கண்டுகொண்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போய், கட்டிலைச் சுற்றி நின்று உரத்த குரலில் நெடுநேரம் ஜெபித்துவிட்டு வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வலி தாங்க முடியாதவருக்கு ஒரு பேர் போதும், இயேசுவே என்று. அதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மெல்லச் சொன்னால் போதும்.

கேட்டும் கிடைக்காத ஜெபத்தைப் பற்றி, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிற கேள்வியைப் பற்றி, நான் இன்றைக்குப் பேசப்போவதில்லை. அதற்கு அரை மணி நேரத்தில் பதில் சொல்கிறவனை நம்பாதீர்கள். ஒன்று மட்டும்: கெத்செமனேயில் ஆண்டவர் கேட்ட பாத்திரம் நீங்கவில்லை. மூன்று தரமும் அதே வார்த்தைகளைச் சொன்னார் என்று மத்தேயு குறித்திருக்கிறார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்தைக் காட்டுங்கள். வீண்வார்த்தை என்று ஆண்டவர் கண்டித்தது, நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற கணக்கை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். பெரிய தீர்மானம் எடுக்காதீர்கள். நாளை முதல் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் என்று தீர்மானிக்கிறவர்கள் வியாழக்கிழமைக்குள் விட்டுவிடுவார்கள், பிறகு குற்றவுணர்ச்சி ஒன்று கூடுதலாகச் சேரும். ஐந்து நிமிஷம், ஒரே இடம், ஒரே நேரம். குக்கர் விசிலுக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் நடுவில் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கிறதென்றால் அதுவே போதும். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் வாசித்தால் மனசு நழுவும், வாய் அசைந்தால் கொஞ்சம் நிற்கும். பிறகு பரமண்டல ஜெபம். அதற்கப்புறம் சொந்த வார்த்தை வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் எழுந்துவிடுங்கள். நடுவில் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் துரத்தாதீர்கள். அவர் பேரைச் சொல்லி, இரங்கும் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்துக்கு வாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் கீர்த்தனையை எடுத்துக்கொள்ளலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், கிருஷ்ண பிள்ளையும் நமக்கு விட்டுப்போனது ஜெபங்கள்தான். கிருஷ்ண பிள்ளை தன் காவியமான இரட்சணிய யாத்திரிகத்தின் நடுவில் வைத்த துதிகளுக்குத் தேவாரம் என்றே பேர். முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்ற வைணவர் அவர். கும்பிடும் மொழியை அவரும் ஒரு பெரிய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

ஒன்றுமே முடியவில்லை என்றால்? மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே உங்களுக்கு முடியாத காலத்தில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்: எனக்கு ஜெபிக்க வரவில்லை, நீங்கள் எனக்காகச் செய்யுங்கள் என்று. கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “ஜெபிச்சுக்கிறோம்” என்பது நம்மிடம் விடைபெறும் வார்த்தையாகிவிட்டது, போய்ட்டு வரேன் என்பதுபோல. அங்கேயே நின்று இரண்டு வாக்கியம் ஜெபித்துவிட்டுப் போங்கள். தெருவாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணை மூட வேண்டாம்.

இந்தச் சபைக்கும் ஒன்று கேட்கிறேன். வீட்டு ஜெபக் கூட்டத்தில் முறை வரும்போது, சொந்தமாக ஜெபிக்க விரும்பாதவர்கள் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு ஆமென் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். அதைச் செய்கிறவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக்கூடாது. பெரியவர்கள் முதலில் செய்தால் தம்பிமார் தைரியமாகச் செய்வார்கள். நன்றாக ஜெபிக்கிற அக்காமார் தொடங்கிவைத்தால் இன்னும் நல்லது.

வழக்கமாக இப்போது யாரையாவது நிறைவு ஜெபத்துக்கு அழைப்பார்கள். இன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டாமென்று ஆயர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். ஒற்றைப்படை வசனங்களைப் பெண்கள் வாசிக்கட்டும், இரட்டைப்படை வசனங்களை ஆண்கள் வாசிக்கட்டும். முதல் இரண்டு வசனமும் கேள்வியாகவே இருக்கும், அவசரப்படாமல் வாசியுங்கள். வேதாகமம் கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருக்கிறவரோடு சேர்ந்து பாருங்கள். கைபேசியில் பார்க்கிறவர்கள் பார்க்கலாம், சத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். பெண்கள் தொடங்கலாம்.